பென்சிலால் பூ வரையப் பழகுகிறீர்களா? வாடுவதற்குள் முடிக்க ஒரு வழி

நாற்பத்தாறு வயதில்தான் நான் பென்சிலைக் கையில் எடுத்தேன். திருச்சியில் அலுவலக வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு படம் என்று ஒன்றும் வரைந்ததில்லை. முதல் நான்கு மாதத்தில் நான் வரைந்த பூக்களில் ஒன்றைக்கூட வீட்டில் யாரும் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. ஒரு ரோஜாவைப் பார்த்து, "அம்மா, இது முட்டைக்கோஸா?" என்று என் மகள் கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையாகவே கேட்டாள்.

எனக்குக் கை வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் செய்த வரிசையே தப்பு. எந்தச் செடியை முதலில் எடுப்பது, எந்த நேரத்தில் உட்காருவது, பூவில் எந்தப் பாகத்தை முதலில் முடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பறித்த பூ காத்திருக்காது. அதன் நேரத்துக்கு நாம்தான் ஓட வேண்டும். நான் விழுந்த பள்ளங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்பதற்காக, இன்றைக்குத் தொடங்கினால் எப்படித் தொடங்குவேனோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன்

பென்சில் நான்கு போதும்: 2எச், எச்.பி., 2பி, 4பி. எச் என்றால் கடினம், கோடு வெளிறி வரும். பி என்றால் மென்மை, கோடு கறுத்து வரும். எண் கூடக்கூட அந்தக் குணமும் கூடும். அப்சரா, கேம்லின், டோம்ஸ் எதுவானாலும் சரி. பன்னிரண்டு பென்சில் அடுக்கிய தகரப் பெட்டியைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார், பார்க்க அழகாகத்தான் இருக்கும். நானும் வாங்கினேன். அதிலிருந்த 8பி இன்றும் முழு நீளத்தில் கிடக்கிறது. இலைக்கு அதைப் போட்டால் ஈயம் பளபளக்கும், கை பட்ட இடமெல்லாம் ஈஷிக்கொள்ளும்.

தாளில்தான் நான் அதிகப் பணத்தை வீணாக்கினேன். "நல்ல தாளாக் குடுங்கண்ணே" என்று கேட்டு 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாள் வாங்கி வந்தேன். அது சொரசொரப்பானது. மெல்லிய நரம்புக் கோடு ஒன்று போட்டால் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். அதற்கு நேர் எதிர்த் தப்பு ஜெராக்ஸ் தாள். அது 70, 80 ஜி.எஸ்.எம்.தான் இருக்கும், இரண்டு முறை அழித்தால் நார் எழும்பிவிடும். உங்களுக்கு வேண்டியது ஏ4 அளவில், 150 ஜி.எஸ்.எம். அளவுக்குக் கனமான, வழவழப்பான தாள். கடையில் கார்ட்ரிட்ஜ் பேப்பர் என்று கேளுங்கள். தாளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், விரல் தடங்காமல் போக வேண்டும்.

ரப்பர் இரண்டு. ஒன்று சாதாரண வெள்ளை ரப்பர். இன்னொன்று சப்பாத்தி மாவுபோல் பிசையக்கூடியது, கடையில் நீடபிள் இரேசர் என்பார்கள். இதைத் தேய்க்கக் கூடாது. கூராகப் பிசைந்து தாளில் ஒற்றி எடுத்தால் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும்.

அப்புறம் ஒரு பிளேடு, ஒரு துண்டு உப்புத்தாள். ஷார்ப்னர் தரும் கூர் இந்த வேலைக்குப் போதாது. மரத்தைப் பிளேடால் நீளமாகச் சீவி, ஈயம் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி விட்டு, நுனியை உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்த்தால் ஊசிபோல் வரும். 4பி ஈயம் மெத்தென்றிருப்பதால் அதை அவ்வளவு நீளம் விடாதீர்கள், ஒடிந்துபோகும்.

கடைசியாக டிவைடர். வீட்டுப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு முனையும் ஊசியாக ஒன்று சும்மா கிடக்குமே, அதுதான். இந்தப் பட்டியலில் பைசா செலவில்லாத பொருள் அது ஒன்றுதான், எனக்கு அதிகம் கைகொடுத்ததும் அதுதான்.

எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ஆயிரத்தைத் தாண்டினால் வேண்டாத ஏதோ ஒன்று பைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

2. பூவை விடுங்கள், வெற்றிலையில் தொடங்குங்கள்

முதல் இரண்டு வாரம் பூவைத் தொடவே தொடாதீர்கள். பத்து ரூபாய்க்கு வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு நாளைக்குக் கவலையில்லை. தட்டையாகக் கிடக்கும், நரம்பு தெளிவாகத் தெரியும், கெட்டுப்போனால் இன்னொன்று அதே மாதிரி கையில் இருக்கும். பழகுபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

இலையைத் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலில் நடு நரம்பு மட்டும், 2எச் பென்சிலால், தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு. அது நேர்க்கோடாக இருக்காது, எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். காம்பு சேரும் இடம், நுனி இரண்டையும் டிவைடரால் அளந்து புள்ளி வையுங்கள். அடுத்து, இலை எங்கே அதிக அகலம்? அந்த இடத்தில் நடு நரம்பிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. தாளை மடித்து வெட்டியதுபோல் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவாகப் போட்டுவிடுவோம். ஒரு வெற்றிலையை அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் கொஞ்சம் பெருத்திருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துவிட்டால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டாவது பள்ளம் நரம்பு. இலை என்றாலே மீன் முள்போல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கோடு கோடாக இழுக்கக் கை பழகியிருக்கிறது. வெற்றிலை அப்படி இல்லை. பெரிய நரம்புகள் பெரும்பாலும் காம்புக்குக் கிட்டேயிருந்தே பிரிந்து, வில்போல் வளைந்து நுனியை நோக்கிப் போகும். எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணாமல் ஒரு நரம்பும் போடாதீர்கள்.

தட்டையாக ஐந்து இலை வரைந்த பிறகு, ஒன்றை டம்ளரில் சாய்த்து, நுனி உங்களைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். இப்போது இலையின் நீளம் பாதியாகக் குறுகித் தெரியும். மனசு மட்டும் முழு வெற்றிலையைத்தான் வரையச் சொல்லும், அதற்கு இலையின் நீளம் ஏற்கெனவே தெரியுமே! ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி டிவைடரைப் பிடித்து, தெரிகிற நீளத்தையும் தெரிகிற அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மனசு சொல்வதும் டிவைடர் சொல்வதும் வேறுவேறாக இருந்தால் டிவைடர் பக்கம் போங்கள்.

இரண்டாவது வாரம் ஒரு சின்னக் கிளை. இலைகள் தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். துளசியில் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடி, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக. செம்பருத்தியில் ஒன்று விட்டு ஒன்று, மாறி மாறி. அரளியில் பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று. இதைத் தப்பாகப் போட்டால் பூ எவ்வளவு நன்றாக வந்தாலும், செடி தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். முருங்கைக்கும் புளிக்கும் இப்போதைக்குப் போகாதீர்கள். அந்தப் பொடி இலைகளை எண்ணி முடிப்பதற்குள் ஆர்வம் போய்விடும்.

3. உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும் பூ எது?

அழகான பூவைத் தேடுவதைவிட, நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் விரிந்திருக்கும் பூவைத் தேடுங்கள். நான் நான்கு மாதம் வீணாக்கியது இது தெரியாமல்தான். மாலை ஆறு மணிக்கு வந்து செம்பருத்தி வரைய உட்கார்ந்தால், அது குடை மடக்கியதுபோல் சுருண்டு கிடக்கும்.

முதல் பூவாக நித்யகல்யாணியை எடுங்கள். சாலையோரம், மதில் இடுக்கு என்று எங்கேயும் இருக்கும். செடியில் ஒரு பூ சில நாள் நிற்கும். காலையில் பாதி, மறுநாள் மீதி என்று வரையலாம். முகம் தட்டை, இதழ் ஐந்து. ஒவ்வொரு இதழும் ஒரு பக்கம் சரிந்து காற்றாடிபோல் இருக்கும். அதை ஐந்து ஒழுங்கான இதயமாக வரைந்தால் தப்பு.

காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றால் செம்பருத்தி, சங்குப்பூ. இரண்டும் ஒரு நாள் பூ. வீட்டிலேயே இருப்பவர்கள் காலை வெயிலில் டேபிள் ரோஸ் வரையலாம், பத்துமணிப் பூ என்றும் சொல்வார்கள். வெயில் ஏறும்போது விரியும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் சரியாக விரியாது.

வேலை முடிந்து மாலைதான் வீட்டுக்கு வருவீர்களா? உங்களுக்கென்றே இருக்கிறது அந்திமந்தாரை. நாலு, அஞ்சு மணிவாக்கில் விரிந்து மறுநாள் காலை வரை நிற்கும். நீண்ட குழல், அகலமான வாய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத்தாள் எல்லாம் பழகுவதற்கு நல்லது. அதில் நாம் இதழ் என்று நினைக்கும் வண்ணப் பகுதி அல்லி இதழே இல்லை, புல்லி (மற்ற பூக்களில் இதழுக்கு அடியில் பச்சையாக இருக்கும் பாகம்) என்கிறது தாவரவியல். வரைவதற்கு அது தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பூமேல் ஒரு தனி மரியாதை.

பவழமல்லி வேண்டாம். விடிவதற்குள் உதிர்ந்துவிடும், எடுத்து வைத்தால் சீக்கிரம் துவண்டுபோகும். ரோஜாவும் சாமந்தியும் ஆறு மாதம் கழித்து. சாமந்தியில் ஒரு இதழாகத் தெரிவது ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பூ. ஒரு வாரம் வாடாமல் இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்தால், எந்த வரிசையில் இருக்கிறோம் என்றே தெரியாமல் தொலைந்துபோவோம். அடுக்குச் செம்பருத்தியும் இந்தக் கூட்டம்தான்.

4. பறிப்பதும் நிறுத்துவதும்

காலையில் வெயில் ஏறும் முன் பறியுங்கள். ஒரு பூவை மட்டும் கிள்ளாமல், இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த சின்னக் கிளையாகக் கத்தரியுங்கள். அடித்தண்டைச் சாய்வாக வெட்ட வேண்டும். காலி இருமல் மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, வாயில் ஈரப் பஞ்சை அடைத்துச் செருகினால் கிளை நீங்கள் வைத்த கோணத்திலேயே நிற்கும். பின்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள், விளிம்பு தெளிவாகத் தெரியும்.

பிறகு மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு இது உறைக்க ஒரு மாதம் ஆனது. காற்றில் இதழ் ஆடிக்கொண்டே இருக்கும், வாடுவதும் சீக்கிரம். வேர்க்கும்தான். தாளில் வியர்வை படாமல் இருக்க, கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வரட்டும். வலக்கைக்காரர்களுக்குக் கை நிழல் படத்தில் விழாது. இடக்கைக்காரர்கள் மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒரு ஜன்னல் போதும். டியூப் லைட்டும் ஜன்னலும் சேர்ந்தால் நிழல் இரண்டு பக்கமும் விழுந்து குழப்பும். பாட்டிலின் அடியைச் சுற்றி மேஜையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, முன்பக்கம் எது என்று ஒரு கோடும் போட்டுவிடுங்கள். யாராவது நகர்த்தினாலும் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். நகர்த்துவார்கள்!

அரளி, எருக்கு, செங்காந்தள் மூன்றும் விஷச் செடிகள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அப்புறம் மற்ற வேலை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேஜைமேல் விட்டுப் போகாதீர்கள்.

அடுத்த வீட்டுச் செடி என்றால் கேட்டுத்தான் பறிக்க வேண்டும். பூஜைக்கு என்று வைத்திருப்பார்கள். எதிர்வீட்டு அக்கா நான் கேட்டதும் கொடுத்துவிட்டார், ஆனால் மேஜையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாமிக்கும் வைக்காம, தலையிலும் வைக்காம, இதை இப்படி பாட்டில்ல சொருகி உத்துப் பாத்துக்கிட்டிருக்கியே" என்றார். இப்போது அவரே காலையில் கூப்பிட்டு, "இன்னிக்குப் பெருசா ஒண்ணு விரிஞ்சிருக்கு, வந்து எடுத்துக்கோ" என்கிறார்.

5. பென்சிலைத் தொடும் முன் எண்ணுங்கள்

ஒரு துண்டுத் தாளில் ஐந்து நிமிடம் செலவழித்து எழுதிக்கொள்ள வேண்டியவை: இதழ் எத்தனை, எந்த இதழ் எதன்மேல் ஏறியிருக்கிறது, இதழுக்குக் கீழே பச்சையாக என்ன இருக்கிறது, நடுவில் என்ன, இலை எதிரெதிரா மாறி மாறியா, இலை விளிம்பு வழவழப்பா பல் பல்லா. வண்ணம் எழுத வேண்டாம், எங்கே அடர்த்தி எங்கே வெளிறல் என்று எழுதினால் போதும்.

என் செம்பருத்திக் குறிப்பில் இருப்பது இது: "இதழ் 5. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்து இதழின் மேல், மறுபக்கத்து இதழின் கீழ். பச்சைக் கிண்ணம், 5 பல். அதற்கும் கீழே இன்னொரு வரிசை, மெல்லிசாக, புல்போல். நடுத்தண்டு நீளம், மேல் பாதியில் மகரந்தம் சுற்றிலும், நுனியில் 5 சிவப்புக் குமிழ். தொண்டை ரொம்ப அடர்த்தி." அந்த இரண்டாவது பச்சை வரிசையை நாற்பத்தாறு வருடம் செம்பருத்தி பார்த்தும் நான் கவனித்ததே இல்லை.

6. ஒரு காலை, ஒரு செம்பருத்தி

நேரம் எப்படி ஓடும் என்பதற்காக என் வழக்கத்தையே சொல்கிறேன். ஆறேகாலுக்குப் பறித்து, ஆறரைக்கு உட்காருவேன். எட்டு மணிக்கு எழுந்தாக வேண்டும், பேருந்து காத்திருக்காது.

முதல் பத்து நிமிடம் அச்சு. காம்பிலிருந்து பச்சைக் கிண்ணம் வழியாக நடுத்தண்டின் நுனி வரை ஒரே கோடு, 2எச்சில். காம்பு எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கேதான் பூவின் மையம் இருக்க வேண்டும். முன்னால் இதழ் மறைத்தாலும் இந்தக் கோட்டை இதழுக்குள்ளேயும் ஓட்டுங்கள், பிறகு அழித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் வரைந்த என் பழைய படங்களில் பூ ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம் இருக்கும். குச்சி ஐஸைச் செடியில் ஒட்டிய மாதிரி.

அடுத்து வாய். சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறதல்லவா, பூவின் வாயும் அப்படித்தான். அச்சுக் கோட்டின் குறுக்கே அந்த நீள்வட்டத்தைப் போடுங்கள். அகலமும் உயரமும் டிவைடரில். அசல் அளவிலேயே வரைவது நல்லது, டிவைடரை அப்படியே பூவிலிருந்து தாளுக்கு மாற்றலாம். பெருக்கல் வகுத்தல் கிடையாது.

பிறகு இதழ்கள். உங்களுக்கு மிக அருகில் இருப்பது முதலில், பின்னால் இருப்பவை கடைசியில். ஒவ்வொரு இதழுக்கும் தொண்டையிலிருந்து விளிம்பு வரை ஒரு நடுக்கோடு போட்டு, வெற்றிலைக்குச் செய்ததுபோலவே இரண்டு பக்க அகலத்தையும் குறியுங்கள். விளிம்பு சுருங்கி அலையடிக்கும். எல்லா அலையையும் ஒரே அளவில் போட்டால் பாவாடைக் கொசுவம்போல் ஆகிவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள். ஏழு மணிக்குள் இதழ் விளிம்பு முழுவதும் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் மாறுவது அதுதான்.

ஏழுக்கு மேல் நடுத்தண்டு. அது பூவின் முகத்திலிருந்து முளைப்பதில்லை, தொண்டையின் ஆழத்திலிருந்து வருகிறது. எங்கே மறைகிறது என்று குனிந்து பாருங்கள். மகரந்தத்தை எல்லாம் எண்ண வேண்டாம், நமக்கு முன்னால் இருப்பதை மட்டும் தெளிவாகப் போட்டு, பின்னால் இருப்பதைப் புள்ளியாக விடலாம். அதன்பின் பச்சைக் கிண்ணம், காம்பு. இலை கடைசி. தண்ணீரில் நிற்கும் வரை அது மாலை வரைக்கும் தாங்கும்.

எழும்புமுன் நிழல் எங்கெங்கே விழுகிறது என்று மெல்லிய கோட்டால் எல்லை போட்டுவிட்டு, ஒரு புகைப்படம் எடுங்கள். போனைப் பூவின் மூக்குக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். முன் இதழ் ஊதிப் பெரிதாகி, பின் இதழ் சுண்டிப்போகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் உருவம் கெடாது. அந்தப் படம் மாலையில் நிழல் போடும்போது ஞாபகத்துக்கு மட்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒரு பூவில் பாதி வரைந்துவிட்டு, மறுநாள் வேறு பூவை வைத்து மீதி விளிம்பைத் தொடராதீர்கள். நான் செய்தேன். முதல் நாள் பூவிலிருந்து மூன்று இதழ், இரண்டாம் நாள் பூவிலிருந்து மூன்று. ஆறு இதழ்ச் செம்பருத்தி ஒன்று என் நோட்டில் இருக்கிறது, நிழலெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் எண்ணினேன். நரம்பு, பளபளப்பு மாதிரி விவரங்களை மறுநாள் பூவில் பார்த்துக்கொள்ளலாம், தப்பில்லை.

7. நிழல் போடுவது

இது மாலை வேலை, அவசரமில்லை. ஒரு இலைக்கு எனக்கு முக்கால் மணி நேரம், பூவுக்கு இரண்டு மூன்று மாலை ஆகும்.

விரலால் தேய்க்காதீர்கள். இணையத்தில் பாதிப் பேர் விரலிலோ பஞ்சிலோ தேய்த்து மழமழவென்று காட்டுவார்கள். விரலின் எண்ணெய் தாளில் ஏறிவிடும், பிறகு அந்த இடம் அழியாது. நரம்பின் கூர்மையும் போய்விடும். ஊசிமுனை 2எச்சில், அழுத்தாமல், நரம்பு போகும் திசையிலேயே சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு அடுக்கு. அதன்மேல் எச்.பி., பிறகு தேவைப்பட்ட இடத்தில் மட்டும் 2பி. 4பி கடைசியாக, தொண்டை, இலை மடிப்பு, கிண்ணத்துக்கு அடிப்பக்கம் என்று நாலைந்து இடத்தில் மட்டும்.

புதிதாகப் பழகுபவர்களின் படம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடப்பதற்குக் காரணம் பயம். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தைக் கறுப்பாக்கத் துணிய மாட்டோம். அதனால் தொண்டையின் அடர்த்தியை முதலிலேயே ஓரளவு போட்டுவிடுங்கள், மற்ற இடமெல்லாம் அதோடு ஒப்பிட்டு.

வெளிக்கோட்டைத் தடிமனாகச் சுற்றி இழுப்பதும் வேண்டாம். நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூவை எப்படி வரைவது என்று பலர் கேட்கிறார்கள். பூவை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் இலையைக் கறுப்பாக்குங்கள். வெள்ளைத் தாளே பூவாகிவிடும். இதழ் மடிப்பில் மட்டும் 2எச்சால் ஒரு தொடுதல் போதும்.

இலை நரம்பு வெளிறித் தெரிய ஒரு தந்திரம்: மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் நரம்பு போகும் வழியை முதலிலேயே அழுத்தி ஒரு தடம் போட்டுவிட்டு, மேலே பென்சிலைச் சாய்த்து நிழல் போட்டால் தடத்தில் ஈயம் இறங்காது. தப்பாகப் போட்ட தடத்தை அழிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு தாளில் பழகிவிட்டு வாருங்கள்.

8. படத்தில் எழுதுவதும் பத்திரப்படுத்துவதும்

வரைந்த அன்றே படத்தின் கீழ் மூலையில் எழுதுங்கள்: ஊர் வழக்கில் செடியின் பெயர், தேதி, நேரம், எங்கே பறித்தது, அளவு. அசல் அளவு என்றால் அப்படியே எழுதலாம். இரண்டு மடங்கு என்றால் ×2. தாவரவியல் பெயரை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். இந்த ஐந்தும் இல்லாத என் முதல் நோட்டில் எந்தப் படம் எந்தச் செடி என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளையின் தாவரவியல் ரெக்கார்டு நோட்டுக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஏழாவது படி உங்களுக்கு இல்லை. அங்கே பொதுவாகத் தெளிவான ஒற்றைக் கோடும், ஸ்கேல் வைத்து இழுத்த பாகக் குறிப்புகளும்தான் கேட்பார்கள், நிழல் போட்டால் ஆசிரியர் திருப்பித் தருவார். முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இரண்டு படத்துக்கு நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள், ஈயம் எதிர்ப்பக்கம் ஒட்டாது. ஐப்பசி மழையில் தாள் ஈரம் இழுக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் மேல்தட்டில் வைத்து, மாதம் ஒரு முறை எடுத்து விசிறிவிடுங்கள். படம் ஈஷாமலிருக்க ஃபிக்சட்டிவ் ஸ்பிரே விற்கிறார்கள், மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள், வீட்டுக்குள் வேண்டாம், நெடி தாங்காது. அதற்குப் பதில் தலைமுடி ஸ்பிரே போதும் என்று யாராவது சொன்னால் நல்ல படத்தில் முயலாதீர்கள். சட்டம் போடுவதானால் கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விட்டு மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வைக்கச் சொல்லுங்கள்.

9. வகுப்பில் சேருவதா?

நான் ஓர் இணைய வகுப்பில் மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். வாரம் ஒரு ரோஜாப் புகைப்படம் அனுப்புவார்கள், அதைப் பார்த்து வரைய வேண்டும். என் படத்தை யாரும் திருத்தவில்லை. இரண்டாவது வாரமே விலகக் கேட்டபோது, பணம் திரும்பக் கிடையாது என்பது விதிமுறைகளின் கடைசி வரியில் இருக்கிறது என்றார்கள். இருந்தது.

அதனால் கட்டும் முன் நான்கு கேள்வி: நிஜச் செடியை வைத்துச் சொல்லித் தருவீர்களா? என் படத்தை ஒவ்வொரு வாரமும் பார்த்துத் தப்பைச் சொல்வீர்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? மாதாமாதம் கட்டலாமா? முதல் கேள்விக்கே இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழ் வேண்டும் என்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடம் இருக்கிறது, லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. அது செடி கொடிக்கான தேர்வு இல்லை, பொது ஓவியம். தகுதி, கட்டணம், தேதி எல்லாவற்றையும் அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள்.

10. வெளியே போய் வரைவது

மூன்று நான்கு மாதம் வீட்டில் பழகிய பிறகு ஊட்டி தாவரவியல் பூங்காவோ சென்னை செம்மொழிப் பூங்காவோ போகலாம். பூங்காக்களில் பறிக்கக் கூடாது, காப்புக்காடுகளில் சட்டப்படியே தப்பு. செடியில் இருப்பதை அப்படியே வரையுங்கள், அல்லது உதிர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில், திறந்ததும் போய்விடுங்கள். மடக்கு நாற்காலி கொண்டுபோனால் வாசலிலேயே காவலரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒரு முறை நான் கேட்காமல் போய், அச்சும் நீள்வட்டமும் போட்டு முதல் இதழைத் தொடங்கிய நேரத்தில் எழுப்பிவிட்டார்கள்.

வெளியே டிவைடர் பயன்படாத உயரத்தில் பூ இருந்தால் பென்சிலையே அளவுகோலாக நீட்டிப் பிடியுங்கள். தொப்பி வேண்டாம், குடை கொண்டுபோங்கள். தொப்பி முகத்துக்குத்தான் நிழல் தரும். வெயில் நேராகப் பட்டால் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும், 2எச் கோடு இருக்கும் இடமே தெரியாது.